தண்ணி ரிப்போர்ட்ல இருக்கற நம்பர் எதைச் சொல்லுது? கெமிக்கல் டேட்டாவ ஒரே மாதிரி எழுதறது பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

தண்ணி, மண்ணு, மீனுன்னு சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்றவங்க, அந்த ரிசல்ட்ட வாங்கி ஆராய்ச்சி பண்ற ஸ்டூடண்ட்ஸ், ஊர்ல தண்ணிப் பிரச்சனைக்காக ரிப்போர்ட்டோட அலையறவங்க, இவங்கல்லாம் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள இங்க சேத்து வெச்சிருக்கேன். சிலதுக்கு பதில் ரெண்டு வரிதான், சிலதுக்கு கொஞ்சம் நீளமாப் போகும்.

நம்பரும் யூனிட்டும் இருந்தா போதாதா?

போதாது. எனக்கு இது உறைச்சது ஒரு கிணத்தாலதான். ரெண்டு லேப்போட ரிப்போர்ட்ட ஒண்ணாச் சேத்து ஒரு ஊரோட நிலத்தடி நீருக்கு ஷீட் போட்டுட்டு இருந்தேன், ஒரே கிணறு, முதல் ரிப்போர்ட்ல நைட்ரேட் லிட்டருக்கு 9.8 மில்லிகிராம், ரெண்டு வருஷம் கழிச்சு வந்த ரிப்போர்ட்ல 43. நாலு மடங்கு ஏறியிருக்குன்னு பதறிட்டேன், பக்கத்துல யாரு புதுசா தோட்டம் போட்டாங்க, எவ்ளோ யூரியா போடறாங்க, செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னு விசாரிக்க ஆரம்பிச்சு, மறுநாள் ஊருக்குப் போய் குழந்தைங்களுக்கு இந்தத் தண்ணியக் குடுக்காதீங்கன்னு சொல்றதா இருந்தோம். அன்னிக்கு ராத்திரி முதல் ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்த மறுபடி பாக்கறேன், கீழ பொடி எழுத்துல "நைட்ரஜனாக"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. 9.8ஐ 4.43ஆல பெருக்கிப் பாத்தேன், 43.4 வருது. கிணத்துத் தண்ணி மாறவே இல்ல, எழுதின விதம்தான் மாறியிருக்கு.

அது என்ன "நைட்ரஜனாக", "நைட்ரேட்டாக"?

நைட்ரேட்டுங்கறது ஒரு நைட்ரஜனும் மூணு ஆக்சிஜனும் சேந்தது. நைட்ரஜனோட எடை 14, முழு நைட்ரேட்டோட எடை 62. சில லேப் முழுசையும் நிறுத்துச் சொல்வாங்க, சில லேப் அதுல இருக்கற நைட்ரஜன மட்டும் சொல்வாங்க. 62ஐ 14ஆல வகுத்தா 4.43, வித்தியாசம் அவ்ளோதான், ஆனா அந்த வித்தியாசத்துல ஒரு கிணறு "நல்ல தண்ணி"யில இருந்து "குடிக்காதே"க்குப் போயிடும்.

சட்டத்துலயே ரெண்டு விதமும் இருக்கு. நம்ம இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 (2012 பதிப்பு) நைட்ரேட்டாக 45 மில்லிகிராம்னு சொல்லுது, உலக சுகாதார நிறுவனம் நைட்ரேட்டாக 50ன்னு சொல்லுது, அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ நைட்ரஜனாக 10ன்னு சொல்லுது. அமெரிக்கப் பேப்பர்ல 10ஐ பாத்துட்டு நம்ம ஊர் ரிப்போர்ட்ல 30 இருக்கே, மூணு மடங்காச்சேன்னு பயந்தவங்கள பாத்திருக்கேன், உண்மையில அந்த 10ஐ நைட்ரேட்டா மாத்தினா 44, அதாவது நம்ம 45க்கு கிட்டத்தட்ட சமம். பாஸ்பேட்டுக்கும் இதே கதைதான், அங்க 3.07ஆல பெருக்கணும். அமோனியாவுக்கும் உண்டு, அங்க வித்தியாசம் கம்மி, அதனாலயே யாரும் கவனிக்கறதில்ல.

இது ஒண்ணு ரெண்டு லேப்ல நடக்கற தப்புதானே? பெரிய இடத்துல சரியாத்தான் எழுதுவாங்க?

அமெரிக்காவுல இத எண்ணியே பாத்துட்டாங்க. 2017ல அந்த நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை ஆளுங்க வெளியிட்ட பேப்பர்ல, 488 அமைப்புகள் 1899ல இருந்து சேத்த இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட நைட்ரஜன், பாஸ்பரஸ் மாதிரி சத்துப்பொருள் பதிவுகள எடுத்து, மத்தவங்க பயன்படுத்தற அளவுக்குத் தெளிவா இருக்கான்னு பாத்தாங்க. கிட்டத்தட்ட 1 கோடியே 45 லட்சம் பதிவுல ஏதோ ஒரு முக்கியத் தகவல் இல்ல, இல்லன்னா குழப்பமா இருக்கு. வடிகட்டின தண்ணியா இல்லையாங்கறது, நைட்ரஜனாகவா நைட்ரேட்டாகவாங்கறது, பொருளோட பேரு, யூனிட்னு வரிசையா ஓட்டை. அந்தக் குழப்பமான பதிவுகளச் சேகரிக்க ஆன செலவு மட்டும் 1200 கோடி டாலர்னு கணக்குப் போட்டாங்க.

சாம்பிள் எடுத்தவங்க உழைப்பு பொய் இல்ல. வெயில்ல நின்னு ஆத்துல இறங்கி பாட்டில நிரப்பி ஐஸ் பெட்டியில வெச்சு ராத்திரியோட ராத்திரியா லேபுக்குக் கொண்டு போயிருக்காங்க, அத்தனையும் ஷீட்ல ஒரு காலம் (column, மேலிருந்து கீழ போற கட்ட வரிசை) காலியா விட்டதால வீணாப் போகுதுன்னு நெனச்சா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது.

கெமிக்கல் பேர எழுதினா போதாதா? காஸ் நம்பர் எதுக்கு?

காஸ் (CAS) நம்பர்ங்கறது ஒவ்வொரு கெமிக்கலுக்கும் குடுக்கற தனி அடையாள எண். பேரு ஆள ஏமாத்தும். ஒரு உதாரணம், பிளாஸ்டிக்க வளையற மாதிரி பண்ற தாலேட் வகையில டிஓபின்னு ஒண்ணு சொல்வாங்க, டை ஆக்டைல் தாலேட். அந்தப் பேர்ல ரெண்டு வேற பொருள் புழங்குது. ஒண்ணு கிளை உள்ளது, டிஇஹெச்பின்னும் சொல்வாங்க, காஸ் நம்பர் 117-81-7. இன்னொண்ணு நேர் சங்கிலி, 117-84-0. ரெண்டுக்கும் ஃபார்முலா ஒண்ணு, எடை ஒண்ணு, ஆனா கெடுதல்ல ஒண்ணு இல்ல. ரிப்போர்ட்ல வெறும் டிஓபின்னு இருந்தா எதுன்னு யாராலயும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

நம்ம ஊருக்குத் தெரிஞ்ச உதாரணமும் இருக்கு. எறும்புக்கும் பூச்சிக்கும் போட்ட கேமாக்சின் பவுடர் ஞாபகம் இருக்கும், பிஹெச்சின்னும் சொல்வாங்க. பென்சீன் ஹெக்சாகுளோரைடுங்கறதோட சுருக்கம் அது. அதுக்கும் ஹெக்சாகுளோரோபென்சீன் (ஹெச்சிபி)னு இன்னொரு விஷத்துக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பேர மாத்திப் போட்டா அதுவேதான்னு தோணும், பழைய டேபிள்கள்ல பிஹெச்சியும் ஹெச்சிபியும் கலந்து கிடக்கும். போதாததுக்கு பிஹெச்சிங்கறதே ஒரு பொருள் இல்ல, ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டான்னு பல ஐசோமர் (ஒரே ஃபார்முலா, அணுக்கள் அடுக்கின விதம் மட்டும் வேற) கலந்தது, அதுல காமா மட்டும்தான் லிண்டேன், நம்பர் 58-89-9. "பிஹெச்சி மொத்தம்"னு எழுதறவங்க எந்தெந்த ஐசோமரக் கூட்டினாங்கன்னு சொல்லியே ஆகணும். டிடிடி, எண்டோசல்ஃபான் ரெண்டுக்கும் இதேதான், எண்டோசல்ஃபான்னா ஆல்ஃபாவும் பீட்டாவும் மட்டுமா, உடைஞ்சு வர்ற சல்ஃபேட்டும் சேத்தாங்குறது ரொம்ப முக்கியம், ஏன்னா மண்ணுல ரொம்ப நாள் தங்கறது அந்த சல்ஃபேட்தான்.

காஸ் நம்பர் தப்பா டைப் ஆயிட்டா எப்படித் தெரியும்?

அதுக்குள்ளயே ஒரு காவல்காரன் இருக்கான், கடைசி இலக்கம். காஃபின எடுத்துக்கோங்க (நம்ம டீ காபியில இருக்கற அதேதான், சாக்கடைத் தண்ணி ஆத்துல கலக்குதான்னு பாக்க அத அளப்பாங்க), நம்பர் 58-08-2. கடைசி 2ஐ விட்டுட்டு வலது பக்கத்துல இருந்து முதல் இலக்கத்த 1ஆல, அடுத்தத 2ஆல, அதுக்கடுத்தத 3ஆலன்னு பெருக்கிக் கூட்டுங்க. 8, 0, 24, 20. மொத்தம் 52. கடைசி இலக்கம் 2, சரியா வருது. ஷீட்ல இதுக்கு ஒரு ஃபார்முலா போட்டுட்டா ஆயிரம் வரியையும் ஒரு நிமிஷத்துல சலிச்சிடலாம்.

அப்புறம் எக்செல். பொட்டாசியத்தோட நம்பர் 7440-09-7. இத எக்செல்ல அப்படியே அடிச்சா அது 7440ஆம் வருஷம் செப்டம்பர் 7ன்னு தேதியா எடுத்துக்கும், உங்ககிட்ட கேக்கக்கூட கேக்காது. அந்தக் காலத்த முதல்லயே டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாத்திட்டு அப்புறம் ஒட்டுங்க. மரபணு ஆராய்ச்சிக்காரங்களுக்கு இதே தொல்லை வந்து கடைசியில 2020ல சில ஜீன்களோட பேரையே மாத்த வேண்டியதாப் போச்சு, நம்மால காஸ் நம்பர மாத்த முடியாது.

இன்ச்சி, இன்ச்சி கீ, ஸ்மைல்ஸ்னு எல்லாம் சொல்றாங்களே, எத்தனதான் போடறது?

காஸ் நம்பர் 1965ல இருந்து வருது, ஒரு நிறுவனம் குடுக்கற வரிசை எண், அந்த நம்பரப் பாத்து பொருளோட அமைப்ப யூகிக்க முடியாது. இன்ச்சிங்கறது ஐயுபேக்ங்கற உலக வேதியியல் அமைப்பு 2005ல வெளியிட்டது, பொருளோட அணு அமைப்புல இருந்தே பிறக்கற ஒரு நீளமான எழுத்துக் கோவை, யார்கிட்டயும் வாங்க வேண்டியதில்ல, இலவச மென்பொருளே போட்டுத் தரும். அதச் சுருக்கினது இன்ச்சி கீ, எப்பவும் 27 எழுத்து, கூகுள்ல அப்படியே தேடலாம். ஸ்மைல்ஸும் பொருளோட அமைப்ப எழுத்துல எழுதற ஒரு முறை, மனுஷன் படிக்கறதுக்குச் சுலபம், ஆனா ஒரே பொருளுக்குப் பல விதமா எழுதலாம்.

நான் சொல்றது இதுதான், பேரு, காஸ் நம்பர், இன்ச்சி கீ, ஸ்மைல்ஸ், நாலையும் நாலு தனித்தனி காலமாப் போடுங்க. ஒண்ணு தப்பானா மத்த மூணு காட்டிக் குடுத்துடும். பப்கெம்ங்கற இலவச கெமிக்கல் தளத்துல தேடினா பெரும்பாலும் நாலும் ஒரே பக்கத்துல கிடைக்கும். காஸ் அமைப்போட காமன் கெமிஸ்ட்ரி தளத்துல கிட்டத்தட்ட 5 லட்சம் பொருள் இலவசமாவே இருக்கு. பணம் கட்டணுமேன்னு யாரும் விட்டுட வேண்டியதில்ல.

ரிசல்ட்ல "பிடிஎல்"னு வந்திருக்கு. ஜீரோ போடலாமா?

தயவு செஞ்சு போடாதீங்க. பிடிஎல்னா கண்டறியும் வரம்புக்குக் கீழன்னு அர்த்தம், இல்லவே இல்லன்னு அர்த்தம் இல்ல. வரம்பு என்னன்னு சொல்லாம பிடிஎல்னு மட்டும் எழுதினா அதுக்கு அர்த்தமே கிடையாது, 10 வரைக்கும் பாக்க முடியாத மெஷின்ல வந்த பிடிஎல்லும் 0.01 வரைக்கும் பாக்கற மெஷின்ல வந்த பிடிஎல்லும் ஒண்ணா?

நிறைய பேரு வரம்புல பாதியப் போட்டு நிரப்புவாங்க, அது கையேடுகள்ல கூட இருக்கு. அது என்ன பண்ணும்னு பாருங்க. ஒரு ஆத்துல ஒரு பூச்சிமருந்து, பழைய மெஷின் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், எல்லா சாம்பிளும் பிடிஎல். பத்து வருஷம் கழிச்சு புது மெஷின், வரம்பு 0.01, அப்பவும் எல்லாம் பிடிஎல். பாதி போட்டு நிரப்பினா முன்னாடி 0.5, இப்ப 0.005. கிராஃப் போட்டா மருந்து நூறுல ஒரு பங்காக் குறைஞ்சிருச்சுன்னு அழகா ஒரு கோடு இறங்கும். நடந்தது என்ன? லேப்ல புது மெஷின் வாங்கினாங்க, அவ்ளோதான். அமெரிக்காவுல டென்னிஸ் ஹெல்சல்ங்கறவர் இத எதிர்த்து பல வருஷமா எழுதிட்டு வர்றார், இந்த வகை டேட்டாவுக்குன்னே தனிக் கணக்கு முறைகள் இருக்கு, மருத்துவத்துல உயிர் பிழைச்ச காலத்தக் கணக்கிடற அதே கப்லான் மேயர் முறைய இதுக்கும் திருப்பிப் போடலாம், ஆர் மென்பொருள்ல அதுக்கு பேக்கேஜ் கூட இருக்கு.

ஆனா அந்தக் கணக்கு எதுவுமே நடக்கணும்னா ஒவ்வொரு சாம்பிளுக்கும் வரம்பு எழுதியிருக்கணும். அதனால ரெண்டு காலம் வைங்க, ஒண்ணுல "குறைவு"ங்கற குறி, இன்னொண்ணுல வரம்போட நம்பர். கண்டறியும் வரம்பா (இருக்குன்னு மட்டும் சொல்ல முடியறது), அளந்து சொல்லும் வரம்பா (எவ்ளோன்னு நம்பிச் சொல்ல முடியறது)ங்கறதயும் எழுதுங்க, அது ரெண்டும் வேற வேற. டெஸ்ட்டே பண்ணலன்னா காலியா விட்டு "டெஸ்ட் பண்ணல"ன்னு பக்கத்துல எழுதுங்க. காலி, ஜீரோ, பிடிஎல் மூணும் மூணு வேற செய்தி.

வடிகட்டினதா இல்லையான்னு அவ்ளோ முக்கியமா?

உலோகத்துக்கு உயிர்நாடியே அதுதான். மழைக்காலத்துல ஒரு பாட்டில் ஆத்துத் தண்ணிய வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, டீ மாதிரி இருக்கும், அந்தக் களிமண் துகள்ல ஈயமும் இரும்பும் ஒட்டிட்டு இருக்கும். 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி அளந்தா கரைஞ்சிருக்கறது மட்டும் வரும், அப்படியே ஆசிட் ஊத்தி அளந்தா துகள்ல இருந்ததும் சேந்து வரும். வரிசையும் முக்கியம். முதல்ல வடிகட்டணும், அப்புறம்தான் நைட்ரிக் ஆசிட் விடணும், மாத்திப் பண்ணினா துகள்ல இருந்த உலோகம் ஆசிட்ல கரைஞ்சு ஃபில்டரத் தாண்டி வந்து "கரைஞ்சது"ன்னு கணக்காயிடும். அதனால ஃபில்டர் அளவு, எங்க வடிகட்டினீங்க (கரையிலயா லேப்லயா), ஆசிட் எப்ப விட்டீங்க, மூணும் எழுதுங்க.

குரோமியம்னு போட்டா போதுமா, எந்த குரோமியம்னு சொல்லணுமா?

சொல்லணும். ராணிப்பேட்டையப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். அந்தப் பக்கம் தோல் பதனிடறதுக்குப் போடறது மூணு நிலை குரோமியம். அங்கேயே மூடிக் கிடக்கற குரோமேட் தொழிற்சாலையோட கழிவுக் குவியல்ல இருந்து கசியறது ஆறு நிலை குரோமியம், புற்றுநோய் வரவழைக்கறது அது. ஒரே ஊர், ஒரே தனிமம், ரெண்டு மூலம், விஷத்துல பெரிய வித்தியாசம். ரிப்போர்ட்ல "குரோமியம்"னு ஒத்தை வார்த்தை இருந்தா அந்த ஊர்க்காரங்க அத வெச்சுகிட்டு யார்கிட்ட போய் என்ன கேக்க முடியும்? மொத்த குரோமியமா, ஆறு நிலை மட்டுமான்னு தனித்தனி வரியாப் போடுங்க. ஆர்சனிக்கும் இப்படித்தான், மீன்ல மொத்த ஆர்சனிக் நிறைய இருக்கும், ஆனா அதுல பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன்னு கெடுதல் இல்லாத வடிவம்.

பிபிஎம், பிபிபி போடலாமா?

வேண்டாம். பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு, பிபிபின்னா நூறு கோடியில ஒரு பங்கு, ஆனா எதுல எதுன்னு அது சொல்லாது. தண்ணியில பிபிபின்னா லிட்டருக்கு மைக்ரோகிராம்னு எடுத்துக்கறாங்க, மண்ணுல கிலோவுக்கு மைக்ரோகிராம், காத்துல கன அளவுக்குக் கன அளவு. பிபிடி இன்னும் மோசம், ஒருத்தருக்கு லட்சம் கோடியில ஒரு பங்கு, கடல் உப்பு அளக்கறவருக்கு ஆயிரத்துல ஒரு பங்கு. முழுசா எழுதிடுங்க.

மண்ணுக்கும் வண்டலுக்கும் காய்ஞ்ச எடைக்கா ஈர எடைக்கான்னு சொல்லுங்க. பாதி தண்ணியா இருக்கற சேத்துல இது ரெண்டு மடங்கு வித்தியாசம்.

பிஃபாஸ் டேட்டாவுல தனியா கவனிக்க வேண்டியது என்ன?

உப்பு. பிஃபாஸ்ங்கறது ஃப்ளோரின் சேந்த, சீக்கிரம் அழியாத கெமிக்கல் கூட்டம். அந்த வகையில பிஎஃப்ஓஎஸ்ங்கறது ஆசிடா இருக்கலாம், பொட்டாசிய உப்பா இருக்கலாம், தண்ணியில அயனியா இருக்கும், மூணுக்கும் மூணு காஸ் நம்பர். கம்பெனியில இருந்து வாங்கற ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டு அளக்க வெச்சுக்கற, அளவு தெரிஞ்ச பொருள்) பெரும்பாலும் உப்பு வடிவத்துல வரும், பொட்டாசிய உப்போட எடைய அப்படியே வெச்சுக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடுதலாக் காட்டும், 0.93ஆல பெருக்கித் திருத்தணும். 8 சதவீதம் என்ன பெருசுன்னு கேட்டா, அமெரிக்கா 2024ல இதுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம்னு வரம்பு வெச்சாங்க, அந்த வரம்புக்குப் பக்கத்துல நிக்கற ஒரு ஊரோட தண்ணிக்கு 8 சதவீதம் பெருசுதான். நேர் சங்கிலி மட்டும் கூட்டினீங்களா, கிளை உள்ளதும் சேத்தான்னு ஒரு வார்த்தை எழுதுங்க.

எந்த ஸ்டாண்டர்ட் வெச்சு அளந்தோம்னு எழுதறது அவசியமா?

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் சியாட்டில் பக்கத்து சால்மன் மீன்தான். மழை பேஞ்சு ரோட்டுத் தண்ணி ஓடையில இறங்கினா கோஹோ சால்மன் முட்டையிடறதுக்கு முன்னாடியே செத்து மிதக்கும், ஏன்னு பல வருஷம் தெரியல. டயர் ரப்பர்ல வெடிப்பு விழாம இருக்கக் கலக்கற 6பிபிடிங்கற பொருள் ஓசோனோட சேந்து 6பிபிடி குயினோனா மாறி மீனக் கொல்லுதுன்னு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆளுங்க தலைமையிலான குழு 2020 டிசம்பர்ல வெளியிட்டாங்க. பாதி மீன் சாகற அளவு லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம்னு சொன்னாங்க. அப்ப கடையில அந்தப் பொருள் கிடைக்காது, அவங்களே தயாரிச்ச ஸ்டாண்டர்ட வெச்சு அளந்தாங்க. அப்புறம் கடை ஸ்டாண்டர்ட் வந்ததும் அவங்களே திரும்ப அளந்து 2022ல 0.095ன்னு திருத்தினாங்க. எட்டு மடங்கு கூடுதல் விஷம். முதல் பேப்பர்ல எந்த ஸ்டாண்டர்ட், எப்படித் தயாரிச்சதுன்னு எழுதியிருந்ததாலதான் மத்தவங்களுக்கும் எந்த நம்பர எதோட ஒப்பிடறதுன்னு புரிஞ்சுது. நீங்களும் ஸ்டாண்டர்டோட மூலம், தூய்மை, லாட் நம்பர், எல்லாத்தையும் எழுதி வைங்க.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல "கண்டுபிடிச்சோம்"னு எப்ப சொல்லலாம்?

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ங்கறது மூலக்கூறோட எடைய அளந்து பொருள அடையாளம் காண உதவற மெஷின். அதுக்கு 2014ல எம்மா ஷிமான்ஸ்கிங்கற ஆராய்ச்சியாளரும் கூட வேலை பாத்தவங்களும் அஞ்சு படி போட்டுக் குடுத்தாங்க, இப்ப பெரும்பாலும் அததான் பின்பற்றறாங்க. அஞ்சாவது படி, எடை மட்டும் தெரியும். நாலு, ஃபார்முலா தெரியும். மூணு, இதுவா அதுவான்னு சில ஆளுங்க மேல சந்தேகம். ரெண்டு, லைப்ரரியோட (தெரிஞ்ச பொருள்களோட பதிவுத் தொகுப்பு) பொருந்தி கிட்டத்தட்ட உறுதி. ஒண்ணு, உண்மையான ஸ்டாண்டர்டோட வெச்சுப் பாத்து நிரூபிச்சாச்சு. மூணாவது படியில நிக்கறத "ஆத்துல இந்த மருந்து இருக்கு"ன்னு எழுதினா பத்திரிகையில வந்துடும், அப்புறம் திரும்ப அள்ள முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துல படியோட நம்பரப் போடுங்க.

டேட்டாவ பிடிஎஃப்ல குடுத்தா என்ன?

படிக்கலாம், எடுக்க முடியாது. டேபிள பிடிஎஃப்ல இருந்து உருவறப்ப மைனஸ் குறி தொலையும், மைக்ரோங்கற கிரேக்க எழுத்து மில்லியா மாறும், அது ஆயிரம் மடங்கு தப்பு. சிஎஸ்வி ஃபைலா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் டேபிள்) குடுங்க, ஒரு வரிக்கு ஒரு சாம்பிள்ல ஒரு பொருள், ஒரு கட்டத்துல ஒரே ஒரு தகவல். கலர் போட்டு அர்த்தம் சொல்லாதீங்க, மஞ்சள் அடிச்சா வரம்பு மீறினதுன்னு உங்களுக்குத் தெரியும், சிஎஸ்விக்குத் தெரியாது.

எங்க லேப்ல ரிப்போர்ட் ஃபார்மட்ட மாத்த மாட்டாங்க. நான் வெறும் ஸ்டூடண்ட். என்ன பண்றது?

ஃபார்மட்ட மாத்த வேண்டாம், கூட ஒரு ஃபைல் வைங்க. சாம்பிள் எடுத்த அன்னிக்கே, கை ஈரம் காயறதுக்குள்ள எழுதிடுங்க, ஏன்னா மூணு மாசம் கழிச்சு ஃபில்டர் பண்ணினோமா இல்லையான்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது. வெளி லேபுக்குக் குடுத்தா பணம் கட்டறப்பவே கேளுங்க, "அண்ணே, நைட்ரேட்ட எதுவாச் சொல்வீங்க, வரம்பு எவ்ளோ, மொத்தமா கரைஞ்சதா?"ன்னு. கேட்டா சொல்லிடுவாங்க, நான் கேட்ட எடத்துல யாரும் மறைச்சதில்ல, கேக்க ஆள் இல்லாததாலதான் எழுதறதில்ல. என் கிணத்துக்கு முதல் ரிப்போர்ட் குடுத்த அந்த லேப்லயும் போய்ப் பேசினேன், ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே இப்ப நைட்ரேட் வரிக்குப் பக்கத்துல "நைட்ரஜனாக"ன்னு பெரிய எழுத்துல போடறாங்க.

பழைய ரிப்போர்ட்ல இதெல்லாம் இல்ல. தூக்கிப் போடறதா?

போடாதீங்க. எழுதினவங்க இருந்தா ஃபோன் பண்ணுங்க, பழைய லேப் நோட்டு எந்த பீரோவுலயாவது இருக்கும். கிடைக்கலன்னா தெரியலன்னே எழுதி வைங்க, நீங்களா யூகிச்சு நிரப்பி, யூகிச்சதுன்னு சொல்லாம விட்டுடாதீங்க. யூகிச்சே ஆகணும்னா மூல நம்பர ஒரு காலத்துலயும் மாத்தின நம்பர பக்கத்துக் காலத்துலயும் வெச்சு, ஏன் மாத்தினீங்கன்னு மூணாவது காலத்துல ஒரு வரி. என் கிணத்து ஷீட்ல அந்த வரி இப்பவும் இருக்கு: "9.8, நைட்ரஜனாக, கடைசிப் பக்கம் பார்க்க."